கல்லறை நட்சத்திரங்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

திருநிறை பெருந்தகையீர்! அமெரிக்கப் படையின் சீருடையைக் கழற்றி மாட்டிப் பல்லாண்டு ஆனபின்னும், அதன் தோள்பட்டையில் இன்னும் ஒரு நட்சத்திரத்துக்கு இடம் இருக்கிறது என்று கண்டுபிடித்த கூர்ந்த கண்ணுடையீர்! பட்டாளத்தை விட்டு வெளியேறிய பிறகு பட்டாளத்தில் உயர்வது எப்படி என்னும் அருங்கலையை வையகத்துக்கு வழங்கிய வள்ளல்களே! முன்னொரு காலத்தில் செய்த சேவையைக் காட்டி, ஓய்வுப் பட்டியலில் ஒரு படி மேலே ஏற விண்ணப்பித்திருக்கும் தங்கள் திருப்பாதங்களில் இந்த வாழ்த்தைப் பணிந்து வைக்கிறேன்.

பணியில் இருக்கும்போதே பதவி உயர்வு பெறுகிறவர்களை உலகம் மெச்சுகிறது. அதில் என்ன மேன்மை கண்டார்களோ தெரியவில்லை. ஒரு படி ஏறிய மறுநிமிடமே அவர் தலையில் ஒரு பட்டாலியன் வந்து விழுகிறது. யாரோ பெற்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் உயிருக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். உத்தரவு பிசகினால் விசாரணை; பிசகாவிட்டாலும் உறக்கம் கிடையாது. தாங்கள் நாடும் பதவியோ அப்பழுக்கற்றது. அதில் படை இல்லை. ஆகவே தோல்வி இல்லை. ஆணை இல்லை, ஆகவே பிழை இல்லை. கடமை என்னும் கசடு முழுவதையும் வடித்து இறக்கிவிட்டு, தெளிந்த கௌரவத்தை மட்டும் கிண்ணத்தில் ஏந்தி நிற்கிறீர்கள். இப்படியொரு பக்குவம் வேறு எந்தத் தொழிலிலாவது வாய்த்திருக்கிறதா?

தங்கள் குலப்பெருமையும் இலேசானதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 ஏப்ரலில் ஓயத் தொடங்கியது. அதன் பிறகு அல்லவா உயர்வுகளின் பெருமழை பொழிந்தது! கௌரவ ஜெனரல் பட்டங்கள் நூற்றுக்கணக்கில் வழங்கப்பட்டன. அவற்றுள் பெருந்தொகை 1865 மார்ச் 13 என்னும் ஒரே தேதியை முன்தேதியாகத் தாங்கி வந்தன. இத்தனை வீரர்களின் வீரமும் ஒரே நாளில் கூடி முற்றியதை வேறெந்த நாட்டு வரலாறு கண்டது? களத்தில் குண்டுக்கு நெஞ்சு காட்டியவர்களுக்கும், சம்பளப் பட்டுவாடா செய்தவர்களுக்கும், தலைநகரில் மேசையருகே அமர்ந்து காகிதங்களோடு போரிட்டவர்களுக்கும் அந்த நாள் வேற்றுமை பார்க்கவில்லை. இரத்தமும் மையும் ஒரே பாத்திரத்தில் சமமாக அளக்கப்பட்ட அந்த நன்னாளைத் தங்கள் மரபின் திருநாளாகக் கொண்டாடலாம்.

ஆயினும் மரபு அங்கே தேங்கிவிடவில்லை. 1904 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு தங்கமான சட்டத்தை நிறைவேற்றியது. 1865 ஏப்ரல் 9-க்கு முன்னே உள்நாட்டுப் போரில் நற்பெயருடன் பணியாற்றி, பின்னர் ராணுவத்திலேயே தொடர்ந்து, பிரிகேடியர் ஜெனரலுக்குக் கீழான தரத்தில் ஓய்வு பெற்ற அதிகாரிகளை, அவர்கள் வகித்ததைவிட ஒரு தரம் உயர்த்தி, அதற்கேற்ற ஓய்வூதியத்துடன் பட்டியலில் வைக்கலாம் என்றது அச்சட்டம். வாலிபத்தில் விதைத்த துணிவை முப்பத்தொன்பது ஆண்டு பரணில் போட்டு வைத்து, மூப்பில் வட்டியோடு எடுத்துக்கொள்ளும் அந்தச் சிக்கனத்தை என்னவென்று புகழ்வது!

அதே காலத்தில், தியடோர் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராக வீற்றிருந்தபோது, உள்நாட்டுப் போர் கண்ட மூத்த கர்னல்களை பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தி, மறுநாளே ஓய்வுக்கு அனுப்பும் வழக்கம் செழித்தது. ஒரு நாள் ஜெனரல்! காலையில் நட்சத்திரம் குத்திக்கொண்டு, மறுநாள் வீட்டுக்குப் போய்ச் சேரும் அந்தத் தளபதி தன் ஆட்சிக்காலத்தில் ஒரு போரிலும் தோற்றதில்லை. ஒரு சிப்பாயையும் பலி கொடுத்ததில்லை. நெப்போலியனுக்கும் கிட்டாத பெருமை இது.

தரைப்படை இத்தனை கொழிக்கையில் கடற்படை கரையில் நின்று வேடிக்கை பார்க்குமா? 1925-இல் தொடங்கிப் பின்பு விரிவாக்கப்பட்ட சட்டங்களின்படி, நேரடிப் போரில் ஆற்றிய பணிக்காகச் சிறப்புப் பாராட்டுப் பெற்ற கடற்படை அதிகாரி எவரும் ஓய்வு பெறும் நாளில் ஒரு தரம் உயரலாம் என்றானது. இளம் அதிகாரியாக எப்போதோ ஒரு கப்பலில் பெற்ற பாராட்டுப் பத்திரம் பெட்டியடியில் பத்திரமாக உறங்கும். அவர் கேப்டனாகி ஓய்வு பெறும் நாளில் எழுந்து வந்து அவரை ரியர் அட்மிரல் ஆக்கிவிடும். ‘கல்லறைப் பதவியுயர்வு’ என்று கடற்படையினரே இதற்குப் பெயர் சூட்டினார்கள். பொறாமைக்காரர்கள் வைத்த பெயர் என்று தாங்கள் பெருந்தன்மையோடு மன்னித்தருள வேண்டும்.

இந்த வழக்கத்துக்கு மூடுவிழா நடத்திய நேர்த்தியே நேர்த்தி. மேல்மட்டத்தில் அதிகாரிகள் மிகுந்து நெரிசல் ஏற்பட்டபோது, 1959 நவம்பர் 1-ஆம் தேதியோடு கல்லறைப் பதவி நிற்கும் என்று கெடு வைத்தார்கள். நட்சத்திரம் வேண்டுமா, அதற்குள் கிளம்புங்கள்! பகைவரின் பீரங்கி அசைக்க முடியாத வீரர்களை ஒரு நாட்காட்டி அசைத்துக் காட்டியது. அரசு கொடுத்ததும் பட்டம். அரசு வாங்கிக்கொண்டதும் காலி நாற்காலி. இரு தரப்புக்கும் ஆதாயமான இவ்வளவு சுமுகமான வீரவழிபாடு அரிது.

வழி அடைபட்டால் ஒதுங்கிப் போகிற இனமா தங்கள் இனம்? இன்றைக்கும் சட்டம் தங்களைக் கைவிடவில்லை. அதிகாரியானால், திருப்திகரமாகப் பணியாற்றிய உச்சத் தரம் எது என்று ஆய்ந்து சொல்ல ராணுவத்தில் ஒரு வாரியமே அமர்ந்திருக்கிறது. அதிகாரி அல்லாத சிப்பாயோ சார்ஜண்டோ ஆனால், பணியாற்றிய காலமும் ஓய்வுப் பட்டியலில் இருந்த காலமும் கூடி முப்பது ஆண்டு ஆனதும், முன்பு தாம் வகித்த உச்சத் தரத்துக்கு உயரலாம். அதாவது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் வாசித்த ஆண்டுகளும் கணக்கில் சேரும். உட்கார்ந்தே ஏறும் இந்த ஏணியைச் செய்த தச்சனுக்குக் கோயில் கட்டலாம்.

சட்டம் விதிக்கும் அளவுகோலின் கருணையைப் பாருங்கள். மகத்தான சேவை வேண்டும் என்று அது கெடுபிடி செய்யவில்லை. வீரம் வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. திருப்திகரமாக இருந்தால் போதுமாம். ஒருவர் சில மாதங்கள் உயர்ந்த தரத்தில் இருந்தார். பிறகு ஏதோ ஒழுங்கு நடவடிக்கையில் சட்டைக்கையின் தரக்கோடு ஒன்று கிழிக்கப்பட்டுக் கீழே வந்தார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டு கழித்து எழுதும் மனுவில் அந்த ஏற்றம் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இறக்கமோ, அடக்கம் கருதி, அடிக்குறிப்பிலும் இடம்பெறாது. தன் குற்றத்தைத் தானே மன்னித்து, மன்னித்ததையும் மறந்துவிடும் அந்தத் துறவு மனநிலை முனிவர்களுக்கும் எளிதில் கைகூடுவதில்லை.

வாரியம் ஒப்பவில்லையா? ராணுவ ஆவணங்களைத் திருத்துவதற்கென்றே இன்னொரு வாரியம் காத்திருக்கிறது. பிழையைக் கண்டறிந்த மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீதியின் நலன் கருதி அந்தக் கெடுவைத் தள்ளுபடி செய்யலாம் என்பதும் விதி. நீதிதேவி இத்தனை பொறுமையோடு வாசல் திறந்து வைத்திருக்கும் வீடு வேறு எங்கும் இல்லை.

ஆவணம் கேட்பார்களே என்று அஞ்சுவோருக்கும் விதி ஓர் உபகாரம் செய்திருக்கிறது. 1973 ஜூலை 12-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் அருகே தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் பற்றிய தீ, 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான ராணுவக் கோப்புகளை விழுங்கியது. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சாம்பலானது. காயத்துக்கும் ஊனத்துக்கும் உதவித்தொகை கேட்டு வந்த சாதாரணச் சிப்பாய், ஆதாரம் எங்கே என்ற கேள்விக்கு விடை இல்லாமல் திகைத்து நின்றான். தங்கள் மரபில் வந்த சிலருக்கோ அதே தீ, சாட்சி என்னும் விலங்கை உடைத்து, கற்பனைக்குச் சிறகு கொடுத்தது. அக்கினி பகவான்கூட ஆளறிந்து அருள்கிறான்.

இத்தனையும் பணத்துக்காக என்று பழிப்பவர்கள் வாய் அழுகட்டும். 1980 செப்டம்பர் 8 முதல் படையில் சேர்ந்தவர்களின் ஓய்வூதியம், மிக உயர்ந்த ஊதியம் பெற்ற 36 மாதங்களின் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பட்டியலில் பெயர் மேலே போனாலும் பலருக்குச் சட்டைப்பை கனப்பதில்லை. ஆக, தாங்கள் வேண்டுவது காசு அல்ல, கடிதத்தாளின் தலைப்பு. விருந்து மண்டபத்தில் அறிமுகம் செய்பவரின் குரல் ஒரு படி உயர்வது. கம்பெனி இயக்குநர் குழுவின் பெயர்ப்பலகை. முடிவில், அரசே தன் செலவில் நடும் கல்லறைக் கல்லில், அடைந்த உச்சத் தரத்தைப் பொறித்துக்கொள்ளும் உரிமை. பிறர் வாழ்வதற்குப் பதவி தேடுகிறார்கள். இறந்தபின் எப்படி அழைக்கப்பட வேண்டும் என்பதை இன்றே ஏற்பாடு செய்கிறீர்கள் தாங்கள். தொலைநோக்கு என்றால் இதுவன்றோ!

இந்த அலைச்சல் எதற்கு என்று எண்ணுவோருக்குக் குறுக்குவழி காட்டியவர் கோழி வறுவலால் உலகை வென்ற ஹார்லண்ட் சாண்டர்ஸ். 1906-இல் தரைப்படையில் சேர்ந்து கியூபாவில் பணியாற்றியவர் அவர். அவரை கர்னல் ஆக்கியது போர்க்களமும் அல்ல, வாரியமும் அல்ல. 1935-இல் கென்டக்கி மாநில ஆளுநர் வழங்கிய கௌரவப் பட்டம். அந்த ஒரு பட்டத்தோடு அவர் திருப்தியடைந்து வறுவலைக் கவனிக்கப் போய்விட்டார். பட்டத்துக்கு ஏற்ற பதார்த்தம் ஒன்றையும் உலகுக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த அவசரம் தங்களிடம் இல்லை என்பதே தங்கள் மேன்மை.

தேசத் தந்தையே தங்கள் கட்சி என்பதை நினைக்கும்போது மெய் சிலிர்க்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் லெப்டினன்ட் ஜெனரலாகக் கண்ணை மூடினார். பின்வந்த பலர் அவரைவிடக் கூடுதல் நட்சத்திரங்களோடு மின்னியதைக் கண்டு நாடு பொறுக்கவில்லை. 177 ஆண்டு கழித்து, 1976-இல், நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அவரைப் படைகளின் பெருந்தளபதி ஆக்கியது. இறந்தவரோ இருப்பவரோ ராணுவத்தில் எவரும் அவருக்கு மேல் நிற்கலாகாது என்றும் வகுத்தது. ஒரு நாட்டையே உண்டாக்கியவருக்கு அதுவரை என்ன குறை இருந்ததோ, அது தீர்ந்தது. அந்த மகிழ்ச்சி அடங்குமுன், 2022 டிசம்பரில் யுலிசீஸ் கிராண்டுக்கும் அதே பதவியை வழங்கலாம் என்று நாடாளுமன்றம் அனுமதி தந்தது. அவர் மறைந்தது 1885-இல். அவசரமே இல்லாத தேசம்!

இத்தகைய கொடையாளி அரசு ஒரே ஓர் இடத்தில் கை இறுக்கியது. அந்த இறுக்கத்திலும் ஒரு ஞானம் உண்டு. 1941 டிசம்பர் 7-இல் பேர்ல் ஹார்பரில் 2,403 அமெரிக்கர்கள் மாண்டபோது அங்கே தலைமை தாங்கிய அட்மிரல் ஹஸ்பண்ட் கிம்மலும் லெப்டினன்ட் ஜெனரல் வால்டர் ஷார்ட்டும் தரம் குறைந்து ஓய்வு பெற்றார்கள். உலகப் போர்த் தளபதிகள் தாம் வகித்த உச்சத் தரத்தில் ஓய்வுப் பட்டியலில் வைக்கப்படலாம் என்று 1947-இல் சட்டம் வந்தபோது, தகுதி இருந்தும் விடப்பட்டவர்கள் அந்த இருவரே. 1995-இல் பாதுகாப்புத் துறை ஆராய்ந்து, பழி அவர்கள் இருவரோடு நிற்பதல்ல, பலருக்கும் பங்குண்டு என்று கண்டது. கண்டதும், உயர்வு மட்டும் வேண்டாம் என்றது. 1999-இல் செனட் 52-க்கு 47 என்று அவர்களுக்கு ஆதரவாக வாக்களித்தது. அடுத்த ஆண்டில், அவர்களை உயர்த்தும்படி நாடாளுமன்றம் குடியரசுத் தலைவரைக் கேட்டுக்கொண்டது. தலைவர்கள் வந்தார்கள், போனார்கள்; கையெழுத்து வரவில்லை. ஆம் என்றால் தலைநகரின் பொறுப்பைப் பேச வேண்டும். இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். நட்சத்திரத்தை மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டிய கை, அதோடு ஒரு தீர்ப்பையும் சேர்த்து எழுத நேர்ந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டது. கேள்வி கேட்காத பதவியே சிறந்த பதவி என்னும் தங்கள் தத்துவத்தை வெள்ளை மாளிகையும் வழிமொழிகிறது.

தங்கள் சாமர்த்தியம் இல்லாமல் கெட்டவர்களும் இருக்கிறார்கள். ஆர்லிங்டனில் 1921 நவம்பர் 11-இல் அடக்கம் செய்யப்பட்ட அறியப்படாத வீரன் ஒருவன் இருக்கிறான். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவனுக்கு வழங்கப்பட்டிருக்கிறது. தங்களைப் போன்ற விவரம் தெரிந்தவர் கையில் அந்தப் பதக்கம் கிடைத்திருந்தால் எத்தனை தரம் ஏறியிருப்பார்! அவன் கல்லிலோ பெயரும் இல்லை, தரமும் இல்லை. சாகும் அவசரத்தில் படிவம் நிரப்ப மறந்துவிட்டான். முன்யோசனை இல்லாத அந்தப் பிள்ளையையும் அவனைப் போன்றவர்களையும் தாங்கள் பெரிய மனது வைத்துப் பொறுத்தருள வேண்டும். அவர்கள் போரைப் பதவியோடு தொடர்புபடுத்திப் பார்க்கத் தெரியாதவர்கள்.

ஆகவே, பெருந்தகையீர், மனுவை அனுப்புங்கள். மறுத்தால் மேல்மனு அனுப்புங்கள். கர்னல் ஜெனரல் ஆகட்டும். கேப்டன் அட்மிரல் ஆகட்டும். சார்ஜண்ட் தாம் இழந்த தரக்கோட்டை மீட்டெடுக்கட்டும். ஓய்வுப் பட்டியல் முழுவதும் தளபதிகளே நிறைந்து, சல்யூட் அடிக்க ஒருவரும் மிஞ்சாத அந்தப் பொற்காலம் விரைந்து மலர்க! அதுவரையில், கட்டளையிட ஒன்றும் இல்லாத, கீழ்ப்படிய ஒருவரும் இல்லாத, சாகவும் ஒருவர் தேவைப்படாத அந்த மாபெரும் படைக்குத் தாங்களே தலைமை தாங்கி நீடூழி வாழ்க!