நாட்டு வைத்தியத்தில் 97 நாள்

டிலே அண்ணாச்சி வழக்கில் தோற்றதற்காக வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. தீர்ப்பு என்பது அவரைப் பொறுத்தவரை முன்சீப்பின் சொந்த அபிப்பிராயம். படித்த மனுஷன், ஏதோ சொல்லியிருக்கிறார், இருக்கட்டும் என்று டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

தென் மாவட்டக் கோர்ட்டுகளில் இவர் பல உருவங்களில் உலவுகிறார். ஓரிடத்தில் ரைஸ்மில் முதலாளி, ஓரிடத்தில் பஸ் ஓனர். எனக்குப் பழக்கமான அண்ணாச்சிக்குப் பாத்திரக்கடை. கடைக்கு அடியில் குடோன் வேண்டும் என்று அவர் பள்ளம் தோண்ட, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரின் சுவர் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே வந்து படுத்துக்கொண்டது. கூடவே குளியலறையும். வாத்தியார் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். ஆறு வருஷம் வாய்தா, சாட்சி, கமிஷனர் ரிப்போர்ட் எல்லாம் முடிந்து 1,80,000 ரூபாய்க்கு டிக்ரி ஆனது. செலவுத்தொகையும் வருஷத்துக்கு 6 சதவீத வட்டியும் தனி.

முன்சீப் கோர்ட் டிக்ரியை எதிர்த்து அப்பீல் போக 30 நாள். ஹைகோர்ட்டுக்குப் போகிற அப்பீல் என்றால் 90. 1963-ஆம் வருஷத்து லிமிடேஷன் சட்டம் இதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். கடைசி நாளில் கோர்ட் லீவு என்றால் திறக்கிற அன்று போடலாம். அண்ணாச்சியின் அகராதியிலோ 30 நாள் என்பது வக்கீல் போன் பண்ண ஆரம்பிக்கிற நாள். போனில் வக்கீல் பேரைப் பார்த்ததும் கடைப் பையனிடம் கொடுத்து, “அண்ணாச்சி குளிக்காவ” என்று சொல்லச் சொல்வார். அதற்குப் பிறகு வந்த மூன்று மாதமும் ஊரிலேயே அதிகம் குளித்த மனிதர் அவர்தான்.

சோம்பேறி என்று நினைத்தால் ஏமாந்து போவோம். ஒருநாள் கல்லாவில் உட்கார்ந்தபடி அவரே எனக்குக் கணக்குச் சொன்னார். “வெளியில வாங்கினா ரெண்டு வட்டி. 1,80,000-க்கு மாசம் 3,600, வருஷத்துக்கு 43,200. வாத்தியாருக்குக் கோர்ட்டு போட்டது வருஷத்துக்கே 10,800. இதைவிடச் சல்லிசா எந்த பேங்க் வே கடன் தருவான்?” நான் வாயைத் திறக்கவில்லை. சுவர் இடிந்த வாத்தியார், தனக்கே தெரியாமல், இடித்தவருக்குப் பைனான்ஸ் பண்ணிக்கொண்டிருந்தார்.

டிக்ரியை நிறைவேற்றக் கேட்டு வாத்தியார் ஈ.பி. போட்டு, ஜப்தி செய்யக் கோர்ட் அமீனா கடை வாசலில் வந்து நின்றபோதுதான் அண்ணாச்சிக்கு நீதியின் மேல் தாகம் எடுத்தது. அமீனா வெண்கலப் பானையை விரலால் சுண்டி எடை பார்த்த சத்தம் அடங்குவதற்குள் வக்கீல் ஆபீசில் இருந்தார்.

“எனக்கு அநியாயம் நடந்துபோச்சு சார். உடனே அப்பீல் போடணும்.”

“அண்ணாச்சி, கெடு தாண்டி 97 நாளாச்சு. லிமிடேஷன் சட்டம் அஞ்சாவது பிரிவில டிலே பெட்டிஷன் போட்டுத்தான் உள்ளயே போக முடியும். லேட்டானதுக்குப் போதுமான காரணம் சொல்லணும்.”

“காரணத்துக்கா பஞ்சம்? நம்ம குமாஸ்தா இருக்காருல்லா.”

இங்கே குமாஸ்தாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எந்தச் சீக்கு எத்தனை நாள் தாங்கும் என்பது டாக்டரைவிட அவருக்கு அத்துப்படி. அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். “டைபாய்டுன்னா ஒரு மாசம்தான் நிக்கும். கால் முறிவுன்னா எக்ஸ்ரே கேப்பான். ஹார்ட்டுன்னா ஆஸ்பத்திரி பில்லு கேப்பான். மஞ்சள் காமாலையே போட்டிருவோம் அண்ணாச்சி. நாட்டு வைத்தியம்னு சேர்த்துக்கிட்டா ரசீது, சர்டிபிகேட் ஒண்ணும் கேக்க முடியாது.” தமிழ்நாட்டு டிலே பெட்டிஷன்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கீழாநெல்லிச் சாறு குடித்தபடி படுத்துக்கிடக்கும் மனுதாரர்கள் நம் கோர்ட்டுகளில் எத்தனை பேர் என்று.

டைப் ஆகி வந்த அபிடவிட்டில் இருந்த ஆளை நான் அதுவரை சந்தித்ததே இல்லை. அவர் ஒரு சாது. சட்டத்தின் மேல் அளவில்லாத மரியாதை உள்ளவர். படுத்த படுக்கையில், வக்கீலைத் தொடர்புகொள்ள இயலாத நிலையில், அப்பீல் அப்பீல் என்றே ஏங்கியவர். தாமதம் வேண்டுமென்றோ உள்நோக்கத்துடனோ ஏற்பட்டதல்ல என்றும், மன்னிக்காவிட்டால் ஈடுசெய்ய முடியாத நஷ்டம் நேரும் என்றும், மன்னித்தால் எதிர்மனுதாரருக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்றும் பணிவோடு பிரார்த்தித்தார். வட்டிக் கணக்கு மட்டும் அதில் எங்கேயும் இல்லை. 97 நாளுக்கும் இருந்த உண்மையான காரணம் அது ஒன்றுதான்.

தாமதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது கோர்ட் வராந்தாவில் எல்லோருக்கும் மனப்பாடம். 1987-ல் சுப்ரீம் கோர்ட் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. நாளுக்கு நாள் என்றால் மணிக்கு மணி, நொடிக்கு நொடி கேட்க வேண்டியதுதானே, நடைமுறை அறிவோடு பாருங்கள் என்ற பொருளில் சொன்னது. 1998-ல் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், வக்கீல் தகவல் சொல்லாமல் விட்டதால் வந்த 883 நாள் தாமதத்தையே மன்னித்தது. தாமதத்தின் நீளம் முக்கியமில்லை, காரணம் நம்பும்படி இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்றது. 2012-ல் தபால் துறை 427 நாள் தாமதித்துவிட்டு, கோப்பு மேசை மேசையாகப் போய்வந்த கதையைச் சொன்னபோது அதே கோர்ட் ஏற்க மறுத்துவிட்டது. வக்கீல் கைவிட்ட ஏழைக்கும், தேதி புரியாத கிழவிக்கும் திறந்துவைத்த கதவு இந்தத் தாமத மன்னிப்பு. அதன் வழியாகப் பாத்திரக்கடை அண்ணாச்சியும் முழங்கை போட்டு நுழைகிறார். கதவைச் சாத்தினால் கிழவிக்கும் சேர்த்துத்தான் சாத்த வேண்டியிருக்கும்.

மனுவில் தேதி விட்டுப்போயிருக்கிறது, ஒரு பக்கத்தில் கையெழுத்தில்லை என்று கோர்ட் ஆபீசில் ரிட்டர்ன் ஆனது. சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்யக் கொடுத்த நாட்களில் அண்ணாச்சி குற்றாலத்தில் சீசன் குளியலில் இருந்தார். இந்த முறை நிஜமாகவே குளித்தார். ஆக, தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவைத் திரும்பத் தாக்கல் செய்ததில் ஏற்பட்ட தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொரு மனு. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, ரீபிரசன்டேஷன் டிலே என்று இதற்குத் தனி இனமே உண்டு.

தாமதத்தை மன்னித்து அப்பீலை விசாரிக்கலாம் என்று முடிவாகும்வரை ஸ்டே கொடுக்கக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் விதி இருக்கிறது. அண்ணாச்சிக்கு ஸ்டே எதற்கு? மேல்கோர்ட்டில் மனு நிலுவையில் இருக்கிறது என்று ஈ.பி. கோர்ட்டில் ஒரு மெமோ போட்டால் ஒரு வாய்தா கிடைக்கும். அடுத்த வாய்தாவுக்கு அதே மெமோவைத் தேதி மாற்றிப் போட்டார்கள்.

விசாரணை அன்று வாத்தியாரின் வக்கீல், சின்னப் பெண், ஒரு கிரயப் பத்திரத்தின் நகலோடு எழுந்தார்.

“நீங்க படுத்த படுக்கையா இருந்த நாப்பத்தொண்ணாவது நாள், சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?”

“கையெழுத்துதானே போட்டேன்மா. ஓடவா செஞ்சேன்?”

“வைத்தியர் பேரு?”

“பேரைச் சொன்னா மருந்து பலிக்காதுன்னு சொல்லுவாவ.”

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் மட்டும் பேனாவைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் அப்பீலில் கட்சிகளின் உரிமையைத் தகுதியின் பேரில் தீர்மானிப்பதே நல்லது என்று சொல்லி, வாத்தியாருக்கு 3,000 ரூபாய் காஸ்ட் கட்டினால் தாமதம் மன்னிக்கப்படும், இரண்டு வாரத்தில் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி என்று உத்தரவு போட்டார். வாத்தியார் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். சுவர் இருந்த இடத்தில் அவர் வீட்டில் இன்னும் தென்னந்தட்டிதான்.

3,000 ரூபாய் அண்ணாச்சிக்கு ஒரு குத்துவிளக்கு விற்ற காசு. இரண்டு வாரம் போனது. அதற்கு மேலும் ஒன்பது நாள் போனது. கோர்ட் குறித்த கெடுவை கோர்ட்டே நீட்டிக்க சிவில் நடைமுறைச் சட்டத்தின் 148-ஆவது பிரிவில் வழியிருக்கிறது, மொத்தம் 30 நாளுக்கு மேல் முடியாது என்று வக்கீல் போனில் கத்தியதில், அண்ணாச்சி ஈரத்தலையோடு ஆபீசுக்கு வந்து சேர்ந்தார்.

“அதே காமாலையப் போட்டுரும் வே.”

“அது குணமாயிட்டு அண்ணாச்சி. போன அபிடவிட்டுல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீய.”

“திரும்ப வராதா?”

குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். “ஒம்பது நாளுக்கு எதுக்கு அண்ணாச்சி காமாலை? ஜலதோஷமே தாராளம்.”