ஆயா வெட்டிய காடு

எங்கள் ஆயாவுக்கு உச்சந்தலையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி இருக்காது. விறகுக் கட்டு சுமந்து சுமந்து தேய்ந்த இடம். சும்மாடு வைத்துத்தான் சுமந்தாள், அப்படியும் தேய்ந்துவிட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் விடிகிற நேரத்துக்கே எங்கள் ஊர் நெடுங்குன்றத்துப் பெண்கள் நாலைந்து பேர் வண்டலூர் காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் பின்னாலேயே ஓடுவேன். எனக்குக் களாப்பழம்தான் குறி.

காடு என்பது பேருக்குத்தான். அரசாங்கக் காகிதத்தில் அது காப்புக்காடு. கண்ணுக்குத் தெரிந்ததோ இடுப்பளவு உயரத்தில் களா, சூரை, இலந்தை. நடுநடுவே வெட்டுப்பட்ட அடிக்கட்டைகள். மழை பெய்தால் கட்டை துளிர்க்கும். துளிர் கட்டைவிரல் பருமன் ஆவதற்குள் யாராவது ஒருத்தியின் கத்தி அதைத் தேடி வந்துவிடும். மிச்சம் மீதியை ஆடு பார்த்துக்கொள்ளும். வாச்சர் வருவது தெரிந்தால் விறகுக் கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும், இல்லையென்றால் கத்தி பறிபோகும். ஆயாவின் கத்தி இரண்டு தடவை பறிபோனது. பாதி விறகு எங்கள் அடுப்புக்கு, பாதி தாம்பரத்துக்கு விற்பனைக்கு. அந்தக் காசில்தான் அரிசி. காட்டை அழித்தாள் என்று ஆயாவைச் சொல்ல எனக்கு இன்றுவரை நா எழவில்லை. அழிந்ததும் உண்மை, அவள் கத்தி அதில் பட்டதும் உண்மை.

அந்தக் காலத்தில் மிருகங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பட்டணம் போக வேண்டும். மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால், மூர் மார்க்கெட்டை ஒட்டி ‘உயிர் காலேஜ்’. மிருகக்காட்சி சாலைக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. எழும்பூர் மியூசியம் ‘செத்த காலேஜ்’. இதைவிடத் துல்லியமாக யாரும் பெயர் வைத்துவிட முடியாது. 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் மியூசியத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் சேர்த்து வைத்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பிறகுதான் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறின. நான் பார்த்தபோது அங்கே இரும்புக் கம்பி, சிமெண்ட் தரை, மூத்திர நாற்றம். ஒரு புலி கூண்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்துகொண்டே இருந்தது. நாங்கள் கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்துத் திரும்பி வந்தபோதும் அது நடந்துகொண்டுதான் இருந்தது.

அந்த மிருகங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோக 1976-ல் முடிவானது. ஒதுக்கப்பட்ட இடம் ஆயாவின் காடு: 1,265 ஏக்கர். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்து போனது. அதே ஆண்டு ஜூலை 24-ல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார்.

திறப்பு விழாவுக்கு முந்தைய வருடங்களைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். மொட்டைத் தரையில் மிருகத்தை விட்டால் அது எங்கே போய் ஒண்டும்? முதலில் மரம் வேண்டும். ஆயிரக்கணக்கில் கன்றுகள் வந்து இறங்கின. சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு நடுகிற வேலை கிடைத்தது. என் அத்தை தினக்கூலிக்குப் போனாள். சரளை மண்ணில் கடப்பாரை போட்டால் ‘ணங்’கென்று எகிறுமாம். குழி எடுத்து, எரு போட்டு, கன்று வைத்து, கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டும். சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் ஆயாவிடம் சொல்வாள்: “நீ வெட்டின எடத்துலதாம்மா இன்னிக்கு வேப்பங்கன்னு வெச்சேன்.” ஆயா வெற்றிலையை மென்றபடி, “வெச்சா போதுமா? ஆட்ட உடாம பாத்துக்கச் சொல்லு” என்பாள். காட்டைப் பற்றி ஆயாவுக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே வேலை பார்த்த எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஆடு நுழையாதபடி சுவர் எழுந்தது. எங்கள் வீட்டுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது, பிறகு கேஸ். காட்டைக் காப்பாற்றியவர்கள் பட்டியலில் கேஸ் சிலிண்டரையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. மரம் வைத்துக் காட்டை மீட்டதற்குத் தாம்பரத்தில் முன்மாதிரியும் உண்டு. 1937-ல் கிறித்துவக் கல்லூரி சேலையூர் காட்டுக்குக் குடிவந்தபோது அதுவும் முள்ளும் புதருமான இடம்தான். எட்வர்ட் பார்ன்ஸ் என்கிற வேதியியல் பேராசிரியர் செடி கொடிகளின் மேல் பித்தாக இருந்து, மரம் வைத்து வளர்த்ததன் நிழல்தான் இன்றைக்கும் அங்கே நிற்கிறது. அதே மண், அதே மழை.

போன மாதம் அத்தையையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. வெளியே ஜி.எஸ்.டி. சாலை லாரியும் பஸ்ஸுமாக இரைந்துகொண்டிருந்தது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறந்ததிலிருந்து அங்கே சாலையைக் கடப்பதே ஒரு வேலை. உள்ளே பேட்டரி காரில் ஏறி, சிங்கம் புலியை எல்லாம் பேத்திக்காகப் பார்த்துவிட்டு, ஓட்டேரி ஏரிக்குப் போனோம். வடசென்னை ஓட்டேரி இல்லை, இது காட்டுக்குள் இருக்கிற ஏரி. மழைத் தண்ணீரை நம்பியிருப்பது. மழை பொய்த்த வருடங்களில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். இப்போது தண்ணீர் இருந்தது. நத்தைகுத்தி நாரைகள் சேற்றில் நின்றன. பாம்புத்தாரா ஒன்று மொட்டைக் கிளையில் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. வக்காக்கள் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு தூங்கின. இவற்றை யாரும் கூண்டில் கொண்டுவந்து விடவில்லை. மரமும் தண்ணீரும் இருக்கிற சேதி எப்படியோ எட்டி, தாமாக வந்தவை. உயிர் காலேஜில் நான் பார்த்த அத்தனை மிருகத்தைவிடவும் இந்தப் பறவைகள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

“நான் தண்ணி ஊத்துன மரம் எதுன்னு தெரியலியேடா” என்றாள் அத்தை, சுற்றுமுற்றும் பார்த்து.

தெரியாதுதான். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது பூங்காவில் 10,000-க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. அன்று ராத்திரி எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி நொறுங்கியபோது அழாத அத்தை, மறுவாரம் அந்தச் சேதி கேட்டு அழுதாள். முப்பத்தைந்து வருடத்து மரங்கள் வேரோடு புரண்டு கிடந்தன. மறுபடியும் குழி, மறுபடியும் கன்று. இப்போது அங்கே நிற்கிற மரங்களில் பல, வர்தாவுக்குப் பிறகு வைத்தவை. அதாவது இந்தக் காடு என் ஆயுளுக்குள்ளேயே இரண்டாம் தடவையாக எழுந்துகொண்டிருக்கிறது.

பேத்தி கேட்டாள்: “தாத்தா, இது தானா வளந்த காடா?”

“இல்லம்மா, கொள்ளுப்பாட்டி வெச்சது.”

“அப்ப அதுக்கு முன்னாடி?”

“காடு இருந்துச்சு. அவங்க அம்மா வெட்டுனாங்க.”

அவள் அத்தையை ஏறிட்டுப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை, கணக்குப் போடுகிற பார்வை. “ஏன் வெட்டுனாங்க?” என்றாள். “சோறாக்க” என்றாள் அத்தை. குழந்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

சுவருக்கு வெளியே எங்கள் பக்கத்து ஏரிகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. வரத்துக் கால்வாய்களின் மேல் தெருக்கள் வந்துவிட்டன. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தபோது முடிச்சூரில் ஜனங்களைப் படகில் மீட்டார்கள். 2023 மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை நிதானமாகக் கடந்து போன வீடியோவை ஊரே பார்த்தது. எல்லோரும் பதறினார்கள். அத்தை மட்டும், “அது எங்கடா போவும், ஏரியில வூடு கட்டிட்டீங்க” என்றாள்.

திரும்பும்போது நடந்தே போகலாம் என்று அத்தை பிடிவாதம் பிடித்தாள். பாதையோரம் சருகு மெத்தென்று கிடந்தது. வேலிக்கு அப்பால் புள்ளிமான் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேயப் போனது. நாலடி தள்ளி அத்தை சட்டென்று குனிந்தாள். தடுமாறிவிட்டாளோ என்று கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையில் காய்ந்த சுள்ளி ஒன்று இருந்தது, முழ நீளம். விரலால் தட்டிப் பார்த்தாள், ஈரமிருக்கிறதா என்று. பிறகு பாதையை விட்டு இறங்கி, ஒரு களாப்புதரின் அடியில் அதை வைத்துவிட்டு வந்தாள்.