ஒழுகினால்தான் வண்டி

கேமரன் மலையின் கோலா தெர்லா சரிவுகளில் முட்டைக்கோஸ் ஏற்ற டிராக்டரைத் தேடாதீர்கள். அந்த வேலைக்குப் பழைய லேண்ட்ரோவர் இருக்கிறது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தபோதே பாதி டிராக்டராகப் பிறந்த வண்டி. மீதிப் பாதியை எங்கள் மேடு ஆக்கிவிட்டது.

எங்கள் தோட்டத்து வண்டிக்குக் கிளட்ச் ஒழுக்கு. ராத்திரி அடியில் வைத்த மைலோ டின்னில் காலையில் அரை விரல் எண்ணெய்.

"என்ன அண்ணே, இப்படி ஒழுகுது?"

"ஒழுகினா உள்ளே எண்ணெய் இருக்குன்னு அர்த்தம் தம்பி. நின்னாத்தான் பயப்படணும்," என்றார் மெக்கானிக் போமன்.

கோளாறு என்னவோ சின்னதுதான். கிளட்ச்சின் கீழ் சிலிண்டருக்குள் ஒரு குட்டி ரப்பர், தேய்ந்துவிட்டது. ஆனால் கிளட்ச்சில் ஓடும் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் சாதி. கேமரன் மலையிலோ காற்றே பாதி தண்ணீர். உள்சுவரில் துரு ஏறிச் சொரசொரத்துவிட்டால், புது ரப்பரையும் அது அரம் மாதிரி அராவித் தின்றுவிடும். சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

தோட்டத்து முதலாளி தவுக்கேக்கு மனசு வரவில்லை. "இருக்கிற இன்ஜின் எண்ணெயை ஊத்து" என்றார். ஊற்றினோம். ஒழுக்கு நின்றது. இரண்டாம் நாள் ரப்பரெல்லாம் ஊறவைத்த கொண்டைக்கடலையாக உப்பி, மேலேயிருந்த மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்து படுத்தது. இப்போது இரண்டையும் மாற்றியாக வேண்டும். தவுக்கே இன்னும் யோசிக்கிறார்.

அதுவரை மேட்டில் எங்கள் பின்னால் வருகிறவர்கள் ரொம்பத் தள்ளி வராதீர்கள். தள்ளிவிட ஆள் வேண்டும்.