அயர்ன்மேனும் அவர் வீட்டாரும்

கேள்வி: முதல் அயர்ன்மேன் டிரையத்லானுக்குத் தயாராகிறேன். மனைவியும் பிள்ளைகளும் கூடவே வருகிறோம் என்கிறார்கள். அங்கே அவர்களுக்கு என்ன வேலை?
– வாசகர், வேங்கிக்கால்

பதில்: இந்தப் போட்டியைத் தொடங்கியதே ஒரு கணவன் மனைவிதான். 1978இல் ஹவாயில் ஜான், ஜூடி காலின்ஸ் தம்பதி நடத்திய முதல் போட்டியில் 15 பேர் இறங்கி, 12 பேர் முடித்தார்கள். தண்ணீர் கொடுக்கும் ஆட்களை அவரவரே கூட்டிவர வேண்டியிருந்தது. போட்டியாளர்களில் ஒருவரான ஜான் டன்பாரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, பீரை நீட்டிவிட்டார்கள். மனிதர் அப்படியும் இரண்டாமிடம் பிடித்தார்!

இன்றைய விதிப்படி, உங்கள் மனைவி வழியில் ஒரு வாழைப்பழம் கொடுத்தாலும் தவறு. கைதட்டலுக்குத் தடையில்லை, கடைசி ஓட்டத்தில் அது பழத்தைவிடத் தெம்பு தரும்.

அவர்களுடைய பெரிய வேலை வேங்கிக்காலிலேயே தொடங்கிவிட்டது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், இங்கிருந்து சென்னையை நெருங்கும் 180 கிலோமீட்டர் சைக்கிள், மூன்று கிரிவலத்துக்குச் சமமான 42.2 கிலோமீட்டர் ஓட்டம். இதற்கான பயிற்சி நேரமெல்லாம் வீட்டாரின் நேரத்திலிருந்து எடுத்ததுதான். விடியற்காலையில் நீங்கள் கிளம்பிவிட்டால், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? வாரத்தில் ஒரு நாளாவது சைக்கிளைத் தொடாமல் அவர்களோடு இருங்கள். பதக்கம் கிடைத்ததும் முதலில் அந்த அம்மாவின் கழுத்தில் போடுங்கள்.