இன்னொரு ஈ.சி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைப்பிரிவுக்காரரின் இலவச வேனிலிருந்து இறங்குகிறவரை எந்த ஊரிலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒரு கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஜெராக்ஸ் கட்டு, மறு கையில் திசைகாட்டி ஓடும் செல்போன். பட்டா, சிட்டா, தாய்ப்பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றான ஈ.சி., டி.டி.சி.பி. அங்கீகாரம் என்று அவர் அடுக்கும் கேள்விகளில் விற்க வந்த பையனுக்கு வியர்த்துவிடும். ஈசானிய மூலை இழுத்திருக்கிறதா, தெருக்குத்து உண்டா என்று நாலு கல்லையும் சுற்றி வருவார். எல்லாம் முடிந்தபின் செருப்பு நுனியால் தரையை ஒரு தட்டுத் தட்டி, "மண்ணு நல்லாத்தான் இருக்கு" என்பார். அவர் தட்டியது அந்த நிலத்தின் மண்ணே அல்ல, போன வாரம் டிப்பரில் வந்து இறங்கிய கிராவல். நிலத்துக்குப் பூசிய பவுடர் அது. அடியில் இருப்பது களிமண்ணா, கட்டட இடிபாடா, தூர்ந்த கிணறா என்பது அந்தப் பையனுக்கும் தெரியாது.

இவரை அசடு என்று சொல்லிவிட முடியாது. பத்திரத்தில் ஓர் எழுத்துப்பிழை இருந்தாலும் வக்கீலைத் தூங்கவிடாதவர். அந்தக் காகிதமெல்லாம் நிலம் யாருடையது என்று சொல்லும், நிலம் எப்படிப்பட்டது என்று சொல்லாது. இவரோ இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறார். முத்திரைத் தீர்வைக்கு நூற்றுக்கு ஏழு கட்டும்போது முகம் சுளிக்காதவருக்கு, மண் பரிசோதனை என்றால் மட்டும் "அது எதுக்கு தண்டச் செலவு?" பரிசோதனையில் நடப்பது ஒன்றும் மாயமில்லை. துளை போட்டு, 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவார்கள். செருப்பு நுனிச் சோதனைக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் இன்னும் எண் கொடுக்கவில்லை. சாஸ்திரத்தையாவது முழுசாகப் பார்க்கிறாரா என்றால் அதுவும் இல்லை. முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போடு. மிஞ்சினால் உத்தமம், நிரம்பினால் மத்திமம், குறைந்தால் அதமம் என்பது மனையடி சாஸ்திரக்காரர்களின் பழைய சோதனை. இறுகிக் கிடந்த மண்ணைக் கிளறினால் பொதபொதவென்று மிஞ்சும். கொட்டி நிரப்பிய பொலபொல மண் குழிக்குள் அமுங்கிக் குறையும். திசையைப் பிடித்துக்கொண்ட நம்மவர், சாஸ்திரத்தில் மண்வெட்டி பிடிக்கவேண்டிய இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டித் தள்ளிவிட்டார்.

கேட்டால் பதில் கைவசம் இருக்கும். "பக்கத்து மனைக்காரர் கட்டிக் குடியே வந்துட்டாரே!" வந்தார்தான், ஆனால் ஊர்க் கிணறு இருந்தது அவர் மனையில் இல்லையே. "கூடக் கொஞ்சம் கம்பி போட்டாப் போச்சு." கம்பி காங்கிரீட்டுக்கு வலு, அடியில் உள்ள மண்ணுக்கு அல்ல. "ஒரே ஒரு தளம்தானே, என்ன பெரிய பாரம்?" இதுதான் கேட்க ரொம்ப நியாயமாகவும், உண்மையில் ரொம்ப ஆபத்தாகவும் இருக்கும் வாதம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். உப்பும்போது பாரமான கட்டடம் அதை அமுக்கி வைக்கும். லேசான வீட்டையும் காம்பவுண்டுச் சுவரையும் அதுவே தூக்கிவிடும். அதற்காகத்தான் ஈரம் ஏறி இறங்கும் ஆழத்தைத் தாண்டி, அடியில் குமிழ் மாதிரி பருத்த தூண்களை இறக்கும் முறை வந்தது. நம்மவர் வீட்டில் வந்தது காலண்டர். ஹாலில் எங்கெல்லாம் காலண்டர் தொங்குகிறதோ அங்கெல்லாம் விரிசல். "தி. நகரே ஏரிதான் சார், விழுந்துடுச்சா?" என்பது அவருடைய கடைசி அஸ்திரம். வாஸ்தவம். 1920களில் ஏரியை வற்றவைத்து எழுப்பிய பேட்டைதான் அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்னும் இருக்கிறது, லேக் இல்லை, பெருமழையில் வியூ மட்டும் வந்துபோகும். ஏரி மண்ணில் கட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. என்ன மண் என்று அட்வான்ஸ் கொடுக்குமுன் தெரிந்தால் அஸ்திவாரச் செலவை விலையில் குறைத்துப் பேசலாம். வானம் தோண்டும்போதுதான் பூமி தெரிகிறது என்றால், பேரம் பேச எதிரே ஆள் இருக்கமாட்டார்.

வீடு முடிந்ததும் தோட்ட ஆசை வரும். சிமெண்டுக் காறையும் செங்கல் துண்டும் புதைந்த இடத்தில் ரோஜா வைப்பார். இலை மஞ்சளாகும், நர்சரிக்காரனைத் திட்டுவார். அடுத்த ரோஜா, அடுத்த திட்டு. கடலோரப் புறநகர் என்றால் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்துகொள்ளும். நாலாவது செடியும் கருகியபின் யாரோ சொல்லி, அரைக் கிலோ மண்ணை ஒரு கேரி பேகில் கட்டிக்கொண்டு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குப் போவார். அவர்கள் தரும் அறிக்கையில் கார அமில நிலைக்குக் கீழே ஈ.சி. என்று ஒரு வரி இருக்கும். மின் கடத்தும் திறன், அதாவது மண்ணில் கரைந்திருக்கும் உப்பின் கணக்கு. ஒன்றுக்குள் இருந்தால் பயிருக்குப் பழுதில்லை, மூன்றைத் தாண்டினால் கெடுதல். இவருடையது மூன்றரை. "ஈ.சி.தான் சார் பிரச்சினை" என்பார் அலுவலர். நம்மவர் முகம் சிவந்துவிடும். "அதெப்படி? முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தாச்சு, ஒரு வில்லங்கமும் இல்லைன்னு வக்கீலே எழுதிக் கொடுத்திருக்காரே!"