ஃபிஃபா தலைவருக்கு ஒரு பாராட்டு மடல்

சென்னை,
ஜனவரி 2026.

பெறுநர்:
உயர்திரு ஜியானி இன்ஃபான்டினோ அவர்கள்,
தலைவர், ஃபிஃபா,
சூரிச்.

பொருள்: 2026 கால்பந்து உலகக் கோப்பை – டிக்கெட், தங்குமிடம், விசா – தங்கள் சாமர்த்தியத்தைப் பாராட்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

48 அணிகள், 104 ஆட்டங்கள், மூன்று நாடுகளில் 16 நகரங்கள் என்று வரலாறு காணாத உலகக் கோப்பையை நடத்தப்போகிறீர்கள். கால்பந்தை உலகமெங்கும் கொண்டுபோவேன் என்றீர்கள், கொண்டுபோய்விட்டீர்கள். இனி அதை எட்டிப் பிடிப்பது ரசிகன் பாடு. நான் சென்னைவாசி. எங்கள் நாடு இதில் ஆடவில்லை. இறுதி ஆட்டம் எங்களுக்கு ஜூலை 20, நள்ளிரவு தாண்டி 12.30 மணிக்கு டிவியில் வரும். ஆகவே என் பாராட்டில் பொறாமைக் கலப்பு கிடையாது என்று உறுதி கூறுகிறேன்.

முதலில் விலை. போட்டியை எங்களுக்குத் தாருங்கள் என்று அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் சேர்ந்து 2018இல் தங்கள் முன்னால் நின்றபோது, குழு ஆட்டத்துக்கு 21 டாலரிலிருந்து டிக்கெட் இருக்கும், இறுதி ஆட்டத்தின் ஆக உயர்ந்த டிக்கெட்டே 1,550 டாலர்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2025 டிசம்பரில், ஆடும் அணிகளின் ரசிகர்களுக்கென்று ஒரு விலைப்பட்டியல் வந்தது. அதில் இறுதி ஆட்டத்தின் ஆகக் குறைந்த டிக்கெட் 4,185 டாலர், உயர்ந்தது 8,680. அன்று கூரை என்று காட்டியது இன்று தரைக்கும் கீழே கிடக்கிறது. இப்படி ஒரு கட்டடத்தை எழுப்ப எல்லாராலும் ஆகாது.

ஐரோப்பிய ரசிகர்களின் கூட்டமைப்பு உடனே துரோகம், துரோகம் என்று கூச்சல் போட்டது. தாங்களும் மனமிரங்கி 104 ஆட்டங்களுக்கும், இறுதி ஆட்டம் உட்பட, 60 டாலர் டிக்கெட் உண்டு என்று அறிவித்தீர்கள். அந்த இரக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆடுகிற ஒவ்வொரு நாட்டின் சங்கத்துக்கும் அரங்கில் 8 சதவீத இடம். அதில் பத்தில் ஒரு பங்குதான் 60 டாலருக்கு. அதாவது ஆயிரம் இருக்கைக்கு எட்டு. இரண்டு அணிக்கும் சேர்த்துப் பதினாறு. யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுகிறவர்கள் உண்டு. தாங்கள் பொரியையும் எண்ணிப் போட்டிருக்கிறீர்கள்.

அடுத்து, குலுக்கல். 50 கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட் கோரிக்கைகள் வந்து குவிந்ததாகப் பெருமையுடன் அறிவித்தீர்கள். அந்த விண்ணப்பத்தின் அழகைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரசிகன் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த வகை டிக்கெட் என்று சொல்ல வேண்டும். எந்த வரிசை, எந்த நாற்காலி என்று கேட்கக்கூடாது. ஓர் ஆட்டத்துக்கு நான்கு டிக்கெட் வரை, மொத்தத்தில் நாற்பது வரை கேட்கலாம். கடைசியில் வங்கி அட்டையின் எண்ணைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். குலுக்கலில் பெயர் விழுந்தால் பணம் தானாகவே கழிந்துவிடும். கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்றாலும் கழியும். அப்பனுக்கு டிக்கெட் விழுந்து பிள்ளைக்கு விழாமல் போனால் அது அவர்கள் குடும்ப விவகாரம்.

குலுக்கலை நம்பாதவர்களுக்குத் தங்களிடம் வேறு வழியும் இருக்கிறது. டிக்கெட்டை வாங்கும் உரிமையைத் தனியாக, ஒரு டிஜிட்டல் வில்லையாக விற்கிறீர்கள். உரிமைக்கு ஒரு காசு, டிக்கெட்டுக்கு இன்னொரு காசு. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு, பசிப்பதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கலாம் என்று இதுவரை தோன்றவே இல்லை.

ஆனால் என்னை நிஜமாகவே எழுந்து நிற்க வைத்தது தங்கள் மறுவிற்பனைச் சந்தைதான். எங்கள் மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். விற்றவரிடமும் தரகு வாங்குவார், வாங்கியவரிடமும் வாங்குவார். ஆனாலும் அவர் ஏமாளி. மாட்டை முதலில் விற்றவர் அவரல்லவே! தாங்களோ முழு விலைக்கு டிக்கெட்டை விற்றுவிட்டு, அதே டிக்கெட் கைமாறும்போது விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறீர்கள். ஆயிரம் டாலருக்கு ஒரு டிக்கெட் கைமாறினால் வாங்குபவர் தருவது 1,150, விற்பவர் பெறுவது 850, நடுவில் 300 தங்களுக்கு. எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள் என்று தாங்கள் தாராளம் காட்டுவதன் ரகசியம் அப்போதுதான் புரிந்தது. விலை ஏற ஏற தரகும் ஏறுகிறது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் ஜனங்கள் முப்பது நிமிடத்தை இலவசமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது மட்டும் இன்னும் தங்கள் கண்ணில் படவில்லை போலும்.

சரி, டிக்கெட் கிடைத்துவிட்டது. எங்கே படுப்பது?

தென்னாப்பிரிக்க ரசிகரை எடுத்துக்கொள்வோம். அவர் அணி ஜூன் 11 அன்று மெக்சிகோ சிட்டியில் ஆடுகிறது. 18 அன்று அட்லான்டாவில். 24 அன்று மான்டெரேயில். மெக்சிகோ, அமெரிக்கா, மறுபடி மெக்சிகோ. இரண்டு வாரத்துக்குள் எல்லையை இரண்டு முறை தாண்டி, மூன்று ஊரில் அறை பிடிக்க வேண்டும். அடுத்த சுற்றுக்குப் போவார்களா, போனால் எந்த ஊர் என்பது குழு ஆட்டங்கள் முடிந்தால்தான் தெரியும். ஆனால் தங்குவிடுதிக்காரருக்கு முன்பணம் இப்போதே வேண்டும். தங்களுடன் கைகோத்திருக்கும் ஏர்பிஎன்பியில் வீடு பார்க்கலாம் என்று நியூயார்க் பக்கம் திரும்பினால், முப்பது நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் நகராட்சியில் பதிவு செய்து, விருந்தாளியுடன் அதே வீட்டில் தங்கியிருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் விடக்கூடாது என்று 2023 முதல் அங்கே சட்டம். இறுதி ஆட்டம் நடப்பது நதிக்கு அக்கரையில், நியூஜெர்சியின் ஈஸ்ட் ரூதர்ஃபோர்டில். அங்கே போய் அறை தேடும் கூட்டத்தின் அளவைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் தாங்கள் இவ்வளவு முன்னேறியிருக்கவில்லை. 2018இல் ரஷ்யா டிக்கெட் வாங்கியவருக்கு ரசிகர் அட்டை கொடுத்தது. அதுவே விசா, அதைக் காட்டினால் ஆட்டம் நடக்கும் ஊர்களுக்கிடையே ரயிலும் இலவசம். 2022இல் கத்தார் ரசிகர்களைக் கன்டெய்னர் அறையிலும் கப்பலிலும் படுக்க வைத்தது உண்மைதான். ஆனால் ஹய்யா அட்டையுடன் நாட்டுக்குள் நுழையவும் முடிந்தது, மெட்ரோவில் காசில்லாமல் போகவும் முடிந்தது. ஜனநாயகப் பாடம் தேவைப்படும் அரசுகள் என்று உலகம் ஏசியவையே இதைச் செய்தன.

இம்முறை டிக்கெட் வேறு, விசா வேறு. டிக்கெட் இருந்தால் அமெரிக்க விசாப் பேட்டிக்கு முன்னுரிமை உண்டு; விசா உண்டா என்பது தூதரகத்தின் சித்தம். மறுத்தால் டிக்கெட் பணம் திரும்பாது. சந்தையில் விற்றுக்கொள்ளலாம். தங்கள் 15 சதவீதம் அங்கே காத்திருக்கிறது.

ஹைட்டி 1974க்குப் பிறகு இப்போதுதான் உலகக் கோப்பைக்கு வருகிறது. உள்நாட்டில் ஆட முடியாத நிலையில், சொந்த மண்ணில் ஆட வேண்டிய ஆட்டங்களைக் கூராசாவில் ஆடித் தகுதி பெற்ற அணி அது. அதன் மூன்று குழு ஆட்டங்களும் அமெரிக்காவில். ஹைட்டி மக்கள் மீது 2025 ஜூன் முதல் அமெரிக்காவின் பயணத் தடை. வீரர்களுக்கு விலக்கு உண்டு, ரசிகர்களுக்கு இல்லை. ஆக, ஹைட்டி ரசிகர்களுக்கான அந்த 8 சதவீத இடத்தில் ஹைட்டியிலிருந்து புதிதாக விசா வாங்கி வந்து உட்கார ஆளில்லை. டிசம்பர் 5 அன்று வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் கையில் தாங்கள் சமாதான விருதைக் கொடுத்தபோது, இதைப் பற்றி அவர் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். கை வேலையாக இருந்தபடியால் வாய்க்கு நேரமில்லை போலிருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் தாங்கள் சறுக்கியிருக்கிறீர்கள். மெக்சிகோவில் வசிப்பவர்களுக்கான பரிமாற்றச் சந்தையில் டிக்கெட்டை வாங்கிய விலைக்கு மேல் விற்க முடியாது. அந்நாட்டுச் சட்டம் ஒப்பவில்லை; தாங்களும் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆக, ரசிகர்கள் மன்றாடினால் ஆயிரத்துக்கு எட்டு; நாடு சட்டம் போட்டால் ஆயிரத்துக்கு ஆயிரம். தங்களிடம் மனு போடுவது வீண் என்பதைத் தாங்களே இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்ததற்கு என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டிவியில் பார்க்கப்போகும் ரசிகன்.

நகல்: 2030 உலகக் கோப்பையை நடத்தவிருக்கும் ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ நாடாளுமன்றங்களுக்கு – உரிய சட்டம் இயற்றும் பொருட்டு. இன்னும் நான்கு ஆண்டு அவகாசம் இருக்கிறது.