பையைப் பார்த்துக்கோ, கண்ணு

விளையாட்டு விழா வருகிறது. வகுப்பில் கம்பு ஊன்றி நடக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது. தாளாளர்களே, பதற வேண்டாம். குரலைக் குழைத்து, "வெயில்ல நிக்காத கண்ணு, எல்லார் பையையும் பார்த்துக்கோ" என்று சொல்லிவிடுங்கள். வேப்பமர நிழல், ஒரு நாற்காலி, சுற்றிலும் செருப்புகள், தண்ணீர் கேன். பெற்றோரே நெகிழ்ந்துபோவார்கள். அடுத்த வருடம் ஸ்கோர் எழுத வையுங்கள். பதவி உயர்வு மாதிரி இருக்கும்.

ஆபத்து பி.டி. மாஸ்டரால்தான் வரும். சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அவருடைய பள்ளி மாஸ்டரோ நிழலில் உட்காரச் சொல்லாமல் உயரம் தாண்டச் சொன்னார். பதினான்கு வயதில், ஊனமில்லாத பிள்ளைகளோடு மோதி இரண்டாம் இடம். அதோடு விட்டதா? 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். ஆகவே மணல் குழியை உடனே மூடிவிடுங்கள்.

1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேர் கையில் டாக்டர் லுட்விக் குட்மன் வில்லும் அம்பும் கொடுத்ததில் தொடங்கிய வினைதான் இந்தப் பாராலிம்பிக்.

பார்வையற்ற பிள்ளை கிரிக்கெட் கேட்டால், "பந்து தெரியாதே சாமி" என்று முடித்துவிடலாம். ஆனால் பிளாஸ்டிக் பந்துக்குள் பால்ரஸ் போட்டு, தரையோடு உருட்டி வீசுகிறார்கள். மட்டை பிடிப்பவர் குனிந்து, சலசலப்பைக் கேட்டுத் துடைத்து அடிக்கிறார். முற்றிலும் பார்வை இல்லாதவர் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்கு. விதியை வளைத்தால் விளையாட்டே கெட்டுவிடும் என்று வாதாடுங்கள். சந்தில் ஆடியபோது நீங்களே 'ஒன் பிட்ச் அவுட்', 'சுவர் தாண்டினால் அவுட்' என்று வைத்ததை யாரும் கிளறாமல் இருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, விளையாட்டில் பங்கேற்பைச் சொல்லும் பிரிவு 30 என்று யாராவது நீட்டினால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்து, பந்தே வராத மூலையில் நிறுத்துங்கள். முதலமைச்சர் கோப்பையில் தனிப் பிரிவு இருப்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம்.

இன்னொன்று. கோவை பக்கம் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளை எப்படி விளையாட வைப்பது என்பதைப் படிப்பாகவே நடத்துகிறார்கள். உங்கள் மாஸ்டர் அங்கே போகும் மேட்டுப்பாளையம் பஸ் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் மீறிப் போய்ப் படித்து வந்துவிட்டால், பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சருக்குக் கொடுத்துவிடுங்கள். பேதம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்த பெருமை உங்களுக்கே.